முடிச்சின் கதை

திருகோணமலை நகருக்கு வடக்கே, உப்புவெளிக்கும் நிலாவெளிக்கும் இடையே அமைந்தது சாம்பல்தீவு. அயலூரின் பெயரிலே உப்பு. இவ்வூரின் காற்றிலும் உப்பு. கதவின் கீலையும் சைக்கிளின் சங்கிலியையும் தின்னும் அக்காற்று மின்கம்பியை மட்டும் விட்டுவைக்குமா? கம்பிக்கு உறை உண்டு. உறை நீங்கும் இடமோ இணைப்பு. அழிவு நுழையும் வாசலும் அதுவே.

வலை முடியும் கடற்றொழிலாளருக்கு இதனை நாம் விளக்க வேண்டியதில்லை. நூல் எவ்வளவு உறுதியானதாயினும் முடிச்சு தளர்ந்தால் வலை பயனற்றது என்பதை அவர்கள் அறிவார்கள். ஆயினும், அவர்களுடைய கூரையின் கீழ் நாம் அடிக்கடி காண்பது என்ன? இரண்டு கம்பிகளைக் கையால் முறுக்கி, கறுப்பு டேப்பைச் சுற்றிவிட்ட மின்முடிச்சு. வெயிலில் டேப்பின் பசை இளகுகிறது, உப்பும் ஈரமும் உட்புகுகின்றன, செம்பு பச்சை பூக்கிறது, தடை ஏறுகிறது.

தடை ஏறினால் வெப்பம் பிறக்கும். மின்தடையின் விதியை 1827இல் நூலாக வெளியிட்ட ஓம் ஒரு பள்ளி ஆசிரியர். மின்னோட்டத்தின் வர்க்கத்தோடு வெப்பம் பெருகும் என்பதை 1841இல் எடுத்துரைத்தவர் ஜூல். நம் வீடுகளுக்கு வருவது 230 வோல்ட். 2000 வாட் கேத்தல் ஏறக்குறைய 9 ஆம்பியர் இழுக்கும். வழியிலுள்ள முடிச்சொன்றில் அரை ஓம் தடை இருந்தால், விரல்நுனி அளவான அந்த இடத்தில் 35 வாட்டுக்கு மேல் வெப்பம் எழும். பற்றவைக்கும் சூட்டுக்கோல் ஒன்றைச் சுவருக்குள் செருகி வைத்ததற்கு அது ஒப்பாகும். மின்னோட்டம் கூடவில்லை, ஆதலால் பியூஸ் எரியாது. மின்சாரம் நிலத்துக்குக் கசியவில்லை. ஆதலால் ட்ரிப் சுவிட்சும் விழாது. காவலர் இருவரும் விழித்திருக்கவே வீடு கருகத் தொடங்குகிறது.

தெருக்கம்பி பெரும்பாலும் அலுமினியம், வீட்டுக்கம்பி செம்பு. இரண்டையும் நேரே முறுக்கினால், உப்பீரம் நடுவே நின்று அவற்றை ஒரு சிறு மின்கலமாக்கிவிடும், அலுமினியம் அரிக்கப்படும். அதன்மேல் படியும் ஒட்சைட்டோ மின்சாரத்தைக் கடத்தாது. இரு உலோகத்துக்குமெனச் செய்யப்பட்ட கனெக்டரும், காற்றையும் நீரையும் தடுக்கும் பசையும் இங்கு அவசியம்.

வீட்டினுள்ளே செய்யவேண்டியது அரிய வித்தையன்று. முதலில் மெயின் சுவிட்சை நிறுத்த வேண்டும். இழை அறாமல், டெர்மினலுக்குள் அடங்கும் அளவுக்கே உறையை உரிக்க வேண்டும். பித்தளைத் திருகுள்ள கனெக்டரில் கம்பியைச் செருகி இறுக்கி, இழுத்துப் பார்க்க வேண்டும். பல இழைக் கம்பிக்கு ஈயம் பூசித் திருகின்கீழ் வைத்தல் தவறு. நாளடைவில் ஈயம் நசுங்கித் திருகு தளரும். அளவான லக்கை அதற்குரிய கருவியால் அழுத்துவதே முறை. பின்னர் இணைப்பு முழுவதையும் மூடிய பெட்டிக்குள் வைக்க வேண்டும்.

இவ்வளவு எளியது ஏன் நடைபெறுவதில்லை? ஏழையின் அறியாமை என்று சொல்லிக் கைகழுவுதல் நமக்குத் தகாது. 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை இக்கரையைத் தாக்கிற்று. 2009 வரை யுத்தம் நீடித்தது. இடம்பெயர்ந்து திரும்பியோர் வீட்டைத் துண்டு துண்டாகவே எழுப்பினர். அறை கூடியபோதெல்லாம் கம்பியும் ஒட்டுப்போடப்பட்டது. நாட்கூலிக்கு வரும் மின்தொழிலாளிக்குக் கருவி வாங்க வசதியில்லை. வீட்டுக்காரருக்கோ அன்றைய செலவே பெரும்பாடு. மலிவான டேப் வறுமையின் தெரிவேயன்றி மனிதரின் தெரிவன்று.

நீர்மின்சாரத்தைப் பற்றி 1918இல் விமலசுரேந்திரா எடுத்துரைத்தார். லக்சபானவின் முதற்கட்டம் இயங்கியது 1950இல். மலைநாட்டு அருவியின் ஆற்றல் எத்தனையோ உழைப்பாளரின் கைகளைக் கடந்து இக்கடற்கரைக் குடிசைக்கு வருகிறது. அந்த நெடும்பயணம் கடைசி முடிச்சில் தோற்பது நமது சமுதாயத்தின் தோல்வியன்றோ?

ஓமின் விதியைக் கரும்பலகையில் எழுதும் ஆசிரியர், ஒரு கனெக்டரையும் கருகிய முடிச்சொன்றையும் மேசைமீது வைக்கட்டும். மாணவர் அவற்றைத் தொட்டுப் பார்க்கட்டும். தம் வீட்டுச் சுவரையும் நோக்கட்டும். தேர்வுத்தாளோடு முடிந்துபோகும் விஞ்ஞானம் யாருக்கு வேண்டும்? அது உழைப்பவன் வீட்டுக் கூரைக்குள் புகட்டும்!