மீட்டர்ல வெறும் முப்பத்தெட்டாயிரம்தாங்க!

பழைய வண்டி விற்பவர்களிடம் ஒரு மந்திரம் இருக்கிறது. "வண்டி ஓடவே இல்லைங்க!" இதைக் கேட்டதும் வாங்க வந்தவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வரும், விலையும் தானாக ஐம்பதாயிரம் ஏறும். கிலோமீட்டர் குறைவு என்றால் வண்டி புதுசு மாதிரி என்று நாம் எல்லோருமே நம்புகிறோம். அது எவ்வளவு தூரம் உண்மை, எவ்வளவு காசு பெறும் என்று 2025 செமஸ்டர் லீவில் எங்கள் வீட்டில் உட்கார்ந்து கணக்குப் போட வேண்டி வந்தது. அந்தக் கணக்கு உங்களில் யாருக்காவது உதவலாம்.

முதலில் எதற்கு வண்டி என்று சொல்லிவிடுகிறேன். அப்பா எங்கள் பக்கத்துக் கிராமங்களில் முருங்கை, தக்காளி, கத்தரி வாங்கி ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் போடுபவர். தினம் வாடகை வண்டிதான். ஒரு நடைக்கு 900 ரூபாய், வருஷத்துக்கு 300 நாள் என்று வைத்தால் 2,70,000 ரூபாய். தக்காளி விலை படுத்தாலும் வாடகை படுக்காது. சொந்த வண்டி இருந்தால் போக வர 70 கிலோமீட்டருக்கு ஐந்து லிட்டர் டீசல், அதற்குமேல் ரிப்பேர், டயர், இன்சூரன்ஸ். இன்சூரன்ஸ் சாதாரண விஷயம் இல்லை. 7,500 கிலோவுக்குள் இருக்கும் சரக்கு வண்டிக்கு தேர்டு பார்ட்டி பிரீமியம் மட்டும் 2022-ல் வரி இல்லாமல் 16,049 ரூபாய் என்று நிர்ணயித்தார்கள். எல்லாவற்றையும் கழித்தாலும் சொந்த வண்டிதான் லாபம் என்று வந்தது.

குட்டியானை (டாடா ஏஸ், 2005-ல் வந்தது) அப்பாவின் லோடுக்குப் பத்தாது. அதனால் அசோக் லேலண்டின் தோஸ்த். 2011-ல் வந்த வண்டி, ஒண்ணேகால் டன் தாங்கும். மொத்த எடை 3,000 கிலோவுக்குள் என்பதால் 1988 மோட்டார் வாகனச் சட்டப்படி பெர்மிட் தேவையில்லை. கார் ஓட்டும் எல்எம்வி லைசென்ஸே போதும் என்று 2017-லும், மறுபடி 2024 நவம்பரில் ஐந்து நீதிபதிகள் அமர்விலும் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

பணம்? கையில் 1,60,000. மீதிக்கு அம்மாவின் நகை. வளையல்களை வைத்தால் சுமார் இரண்டேகால் லட்சம் கிடைக்கும். அதற்குமேல் வேண்டுமென்றால் செயினையும் வைக்க வேண்டும். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. ஒன்றும் சொல்லாததுதான் எங்களுக்குக் கஷ்டமாக இருந்தது.

புரோக்கர் காட்டிய முதல் வண்டி 2018 மாடல். மீட்டரில் 38,000 கிலோமீட்டர். விலை 4,60,000. அதே வருஷத்து வண்டிகள் ஒரு லட்சத்துக்கு மேல் ஓடி, மூன்றே முக்கால் லட்சத்துக்குள் கிடைத்துக்கொண்டிருந்தன. "தொண்ணூறாயிரம் கூடன்னு பாக்காதீங்க அண்ணே, ஓடாத வண்டிக்கு அது ஒரு காசா?" என்றார்.

மீட்டர் உண்மையா என்பதுதான் முதல் சந்தேகம். டிஜிட்டல் மீட்டரைக் குறைத்துக் கொடுக்க ஆட்கள் இருக்கிறார்கள். எங்களோடு வந்த மெக்கானிக் அண்ணன் மீட்டரையே பார்க்கவில்லை. அவர் பார்த்தவை இவை:

1. பெடல் ரப்பர், கியர் நாப், ஸ்டியரிங், டிரைவர் சீட். ஒன்றரை லட்சம் ஓடிய வண்டியில் இவை வழுவழுவென்று தேய்ந்திருக்கும். இவை புதுசாக மாற்றப்பட்டிருந்தால் ஏன் என்று கேட்க வேண்டும்.

2. டயர். பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2318 என்றால் 2018-ம் வருஷம் 23-வது வாரம் செய்தது. கிலோமீட்டர் குறைவு என்கிற வண்டியில் நாலு டயரும் அடுத்தடுத்து மாறியிருந்தால் கதை இடிக்கிறது. மாறவே இல்லை என்றால் மீட்டர் உண்மையாக இருக்கலாம், ஆனால் ஏழு வயசு ரப்பர் வெடித்துப் போயிருக்கும். எப்படியும் செலவு நமக்குத்தான்.

3. சர்வீஸ் ரெக்கார்டு. கம்பெனி சர்வீஸுக்கு விட்ட ஒவ்வொரு தடவையும் மீட்டர் எண்ணைக் குறித்திருப்பார்கள். ஓனரையே கூட்டிப்போய்க் கேட்கலாம்.

4. பாஸ்டேக் ஸ்டேட்மென்ட். 2021 பிப்ரவரியிலிருந்து தேசிய நெடுஞ்சாலை டோல்களில் பாஸ்டேக் கட்டாயம். வாசலில் நின்ற வண்டி மாசம் இருபது தடவை டோல் தாண்டியிருந்தால் விஷயம் புரிந்துவிடும்.

எல்லாம் பார்த்த பிறகு அண்ணன் சொன்னார், "மீட்டர் நெசம்தான்." அப்பா முகத்தில் அந்த வெளிச்சம் வந்துவிட்டது!

ஆனால் அண்ணன் விடவில்லை. பின்பக்கம் ஏறித் தளத்தில் ஸ்பேனரால் தட்டிக்கொண்டே போனார். சில இடத்தில் 'டங்', சில இடத்தில் 'டப்'. புது பெயின்டுக்கு அடியில் தகடு துருப்பிடித்திருந்தது. பக்கவாட்டுத் தகட்டில் வெயில் சாய்வாக விழுந்தபோது பெயின்டுக்குக் கீழே பழைய எழுத்தின் மேடு தெரிந்தது. '...நீர்' என்று முடிந்தது.

புரோக்கர் சிரித்தார். "வாட்டர் கேன் போட்ட வண்டிதாங்க தம்பி. டவுனுக்குள்ளயேதான் ஓடுச்சு."

இங்கேதான் எனக்குப் பெரிய விஷயம் ஒன்று புரிந்தது. ஒரு நாளைக்கு 20 கிலோமீட்டர் வீதம் 38,000 கிலோமீட்டர் என்றால் 1,900 நாள். பொய்யே இல்லை. ஆனால் 20 லிட்டர் கேன் 60 ஏற்றினால் தண்ணீர் மட்டும் 1,200 கிலோ. அந்த லோடோடு காலையில் கிளம்பி, தெருவுக்குத் தெரு நின்று நின்று போகும். ஒரு நாளைக்கு 40 இடம் என்று வைத்தால் 76,000 தடவை நின்று, ஃபர்ஸ்ட் கியர் போட்டு, கிளட்ச் விட்டுக் கிளம்பியிருக்கிறது. சக்கரம் உருண்டால்தான் மீட்டர் ஓடும். கிளட்சை மிதித்ததையும், பிரேக் பிடித்ததையும், நின்ற இடத்தில் இன்ஜின் உறுமியதையும் அது எண்ணாது.

சரி, நிஜமாகவே வாசலில் நின்ற வண்டி என்றால் தேவலையா? அதுவும் இல்லையாம். நின்றே கிடந்தால் பேட்டரி செத்துவிடும், பிரேக் ஆயிலில் ஈரம் சேர்ந்து வீல் சிலிண்டர் இறுகிவிடும், டீசல் டேங்கில் தண்ணீரும் கசடும் தங்கும், ஆயில் சீல் காய்ந்து கசியும், ஒயரை எலி கடிக்கும். ஓடினாலும் தேயும், ஓடாவிட்டாலும் கெடும். எப்படி ஓடியது, யார் பார்த்துக்கொண்டார்கள் என்பதைத்தான் விசாரிக்க வேண்டும்.

அண்ணன் போட்ட பட்டியல்: ஐந்து டயர் 28,000, கிளட்ச் 12,000, தளத் தகடு 10,000, பிரேக் வேலை 6,000, பேட்டரி 6,000. மொத்தம் 62,000. ஆக வண்டியின் நிஜ விலை 5,22,000.

அடுத்த வாரம் நாமக்கல் பக்கம் ஒரு வண்டி பார்த்தோம். அதுவும் 2018, ஆனால் 1,30,000 கிலோமீட்டர். விலை 3,70,000. ஓனரே ஓட்டியது, முட்டை லோடு. முட்டை ஏற்றுபவர் பள்ளத்தில் விட்டாலோ சடன் பிரேக் போட்டாலோ ஆம்லெட்தான் :) சர்வீஸ் பில் எல்லாம் ஒரு மஞ்சப்பையில் அடுக்கி வைத்திருந்தார். 1,10,000-ல் கிளட்ச் மாற்றிய பில்லும் அதில் இருந்தது. முந்தின ராத்திரியே அப்பா போன் செய்து, "நாங்க வர்ற வரைக்கும் ஸ்டார்ட் பண்ணாதீங்க" என்று சொல்லியிருந்தார். ஜில்லென்று இருந்த இன்ஜின் ஒரே சாவியில் எழுந்தது. ஆயில் மூடியைத் திறந்தால் புகை அடிக்கவில்லை. இரண்டு டயர், பொது சர்வீஸ் சேர்த்து 18,000. ஆக மொத்தம் 3,88,000.

காமர்ஸ் படிக்கிற பையனுக்கு இதற்குமேல் என்ன வேண்டும்? நோட்டை எடுத்தேன். இரண்டு வண்டிக்கும் வித்தியாசம் 1,34,000 ரூபாய், 92,000 கிலோமீட்டர். அதாவது ஓடாத ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஏறக்குறைய ஒன்றரை ரூபாய் கேட்கிறார்கள். நாங்கள் வருஷத்துக்கு 21,000 ஓட்டுவோம். நாலரை வருஷத்துக்குள் அந்த 92,000 கரைந்துவிடும். அதற்குள் முட்டை வண்டிக்கு இன்ஜின் வேலையே வந்தாலும் எவ்வளவு ஆகும் என்று அண்ணனிடம் கேட்டேன். "எழுபதுக்கு மேல போகாது." அந்த எழுபதாயிரத்தைச் சேர்த்தாலும் முட்டை வண்டி 4,58,000-ல் நிற்கிறது. தண்ணி வண்டி என்ன விலைக்கு வந்தால் சமம்? 4,58,000-ல் 62,000 போக 3,96,000.

அப்பா புரோக்கரிடம் 3,95,000 கேட்டார். அவர் 4,40,000-க்குக் கீழே இறங்கவில்லை. கும்பிடு போட்டுவிட்டு வந்துவிட்டோம்.

முட்டை வண்டி 3,62,000-க்கு முடிந்தது. பணம் கொடுக்கும் முன் எம்பரிவாகனில் எஃப்சி, இன்சூரன்ஸ், எத்தனையாவது ஓனர் என்று பார்த்தேன். அபராதம் பாக்கி இருக்கிறதா என்று இ-சலான் தளத்தில் பார்த்தேன். ஆர்சியில் பைனான்ஸ் பெயர் இருந்ததால் அவர்களிடம் என்ஓசியும் ஃபார்ம் 35-ம், ஓனரிடம் கையெழுத்துப் போட்ட ஃபார்ம் 29, 30-ம் வாங்கிய பிறகுதான் மீதிப் பணம். எட்டு வயசு தாண்டினால் எஃப்சி வருஷா வருஷம் காட்ட வேண்டும், அதற்கும் தனியாக ஒரு தொகை எடுத்து வைத்திருக்கிறோம்.

அம்மாவின் வளையல்கள் கூட்டுறவு வங்கியில் இருக்கின்றன. செயின் கழுத்திலேயே இருக்கிறது. தினம் மிச்சமாகும் வாடகையை அப்பா தனியாக ஒரு டப்பாவில் போடுகிறார், வளையலை மீட்பதற்கு.

நீங்கள் வண்டி பார்க்கப் போனால் மீட்டர் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். கூடவே அது எதை ஏற்றிக்கொண்டு எந்தத் தெருவில் ஓடிய கிலோமீட்டர் என்றும் கேளுங்கள். பெயின்டுக்குக் கீழே என்ன எழுதியிருக்கிறது என்றும் பார்த்துவிடுங்கள்!