எஃகுக் காசுக்கு எந்த முலாம்?

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. வேதியியல்

நாணயம் என்றால் காசு. நாணயம் என்றால் நேர்மை. ஒரே சொல்லுக்கு இரு பொருள் அமைந்தது எவ்வளவு பொருத்தம்! காசு ஆளை ஏமாற்றலாகாது. அதன்மேல் பூசும் முலாமுக்கும் இது பொருந்தும் என்பது வேதியியல் மாணவியாகிய என் எண்ணம்.

செம்பும் நிக்கலும் விலை ஏறினால், காசின் மதிப்பைவிட அதிலுள்ள உலோகத்தின் விலை கூடிவிடும். பிறகு காசு கடைக்குப் போகாது, உலைக்குப் போகும்! எனவேதான் பல நாடுகள் மலிவான எஃகை நாடின. ஆனால் எஃகு துருப்பிடிக்குமே! அதன்மேல் எதைப் போர்த்துவது?

1943இல் அமெரிக்கா துத்தநாகத்தைப் போர்த்தியது. போருக்குச் செம்பு தேவைப்பட்டதால், ஒரு சென்ட் காசை எஃகில் அடித்தார்கள். துத்தநாகம் தான் அரிபட்டு இரும்பைக் காக்கும். பாடப்படி நல்ல தேர்வுதான். ஆனால் முலாம் பூசிய தகட்டிலிருந்து வில்லைகளை வெட்டியதால், மூடப்படாத விளிம்பில் துரு ஏறியது. அதைவிடக் கேடு, வெண்ணிறம் கண்டு மக்கள் அதைப் பத்து சென்ட் என்று மயங்கினர். 1944இல் மீண்டும் செம்புக்கே திரும்பினர்.

செம்பின் குணம் வேறு. கீறல் விழுந்தால் செம்பு தப்பிக்கொள்ளும். இரும்பு விரைந்து அரிபடும். ஆகவே வில்லையை வெட்டிய பிறகே, விளிம்பும் மூடும்படி பூசவேண்டும். மயில்துத்தக் கரைசலில் இட்ட இரும்பு ஆணியில் செம்பு தானாகப் படிவதைப் பள்ளியில் பார்த்திருக்கிறோம். அந்தப் படிவு துடைத்தால் போய்விடும், காசுக்கு உதவாது. பிடிமானமுள்ள அடிப்பூச்சு வேண்டும். 1992இல் பிரிட்டன் ஒரு பென்னி, இரண்டு பென்னிக் காசுகளைச் செம்பு முலாமிட்ட எஃகுக்கு மாற்றியபோது நிறம், விட்டம், எடை மூன்றையும் காத்தது. கனத்தை மட்டும் சிறிது கூட்டியது.

நம் ஒரு ரூபாய், இரண்டு ரூபாய்க் காசுகளுக்கு முலாமே இல்லை. 83 விழுக்காடு இரும்பும் 17 விழுக்காடு குரோமியமும் கலந்த எஃகு அவை. குரோமியம் தானே மெல்லிய ஆக்சைடு போர்வை நெய்துகொள்ளும். துருவில்லை, செலவும் குறைவு. ஆனால் இரண்டும் ஒரே நிறம்!

எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். சந்தையில் கீரை விற்கும் என் அம்மாவுக்கு எழுத்து தெரியாது, விரல்தான் கண். 2011 வரிசையின் ஒரு ரூபாய் ஏறத்தாழ 22 மில்லிமீட்டர். 2019 வரிசையின் இரண்டு ரூபாய் 23. பொழுது சாய்ந்தபின் அந்த ஒரு மில்லிமீட்டரை விரல் எப்படி அளக்கும்? ஒரு ரூபாய்தானே என்று நாம் சொல்லலாம். ஒரு கட்டுக் கீரையில் அம்மாவுக்கு நிற்பதே அவ்வளவுதான்.

துரு ஏறுமா, ஒட்டுமா, விலை கட்டுமா என்று மூன்று கேள்விகளைப் பாடநூல் கேட்கிறது. தொடும் கை அடையாளம் காணுமா என்பது நான்காவது. நம்மில் ஒருவர் நாளை நாணயச்சாலையில் பணியாற்ற நேர்ந்தால், அந்த நான்காவதை முதலில் கேட்கட்டும். அதுவே நாணயம்!