அத்திப்பழத்தை அடுப்பில் ஏற்றுங்கள்!

அபூர்வமாக வருகிற விருந்தாளியை, "என்ன, அத்தி பூத்தாற்போல வந்திருக்கீங்க!" என்று கேட்கிறோம். உண்மையில் அத்தி பூக்காமல் இல்லை. அதன் பூக்கள் எல்லாம் காய்க்குள்ளேயே ஒளிந்திருக்கின்றன. பழத்தைப் பிட்டால் உள்ளே நார் நாராக, விதை விதையாகத் தெரிகிறதே, அது அத்தனையும் பூத்து முடிந்த பூக்கள்தான்!

எங்கள் திருநாவலூருக்கு நாவல் மரத்தால் பெயர். சுந்தரமூர்த்தி நாயனார் பிறந்த ஊர். பக்தஜனேஸ்வரர் கோயிலின் தல விருட்சமும் நாவல்தான். பக்கத்துப் பண்ருட்டிக்குப் பலாவால் பெயர். இப்படிப் பழத்துக்குப் பஞ்சமில்லாத பக்கத்தில், அத்தியை மட்டும் சமையலறைக்குள் விடாமல் மருந்துக் கடைச் சரக்காக ஒதுக்கி வைத்துவிட்டோம். அதனால் எங்கள் வீட்டில் வந்த வினையைக் கேளுங்கள்.

என் கணவருக்கு ஆறு வருஷமாகச் சர்க்கரை வியாதி. மாத்திரையும் நடையுமாக நன்றாகத்தான் இருந்தார். போன வருஷம் யாரோ நண்பர், "தேனில் ஊறின அத்தி ரத்தத்துக்கு நல்லது, சர்க்கரைக்கும் நல்லது" என்று சொல்ல, ஒரு பெரிய பாட்டிலை வாங்கி வந்துவிட்டார். காலையில் மூன்று, ராத்திரியில் மூன்று. "என்னங்க, தித்திப்பா இருக்கே!" என்று நான் சொன்னால், "இது மருந்து, உனக்குத் தெரியாது" என்பார். இரண்டாவது பாட்டில் தீர்வதற்குள் பாதத்தில் எரிச்சல், ராத்திரியில் நாலு தடவை எழுந்து போவது என்று ஆரம்பித்தது. ரத்தப் பரிசோதனையில் மூன்று மாதச் சராசரி 7.2-லிருந்து 8.9-க்கு ஏறியிருந்தது. டாக்டரம்மா பொறுமையாக விசாரித்தார். பாட்டில் விஷயம் வெளியே வந்ததும், "அத்தியைப் பழமாகச் சாப்பிடுங்க, அதுவும் எண்ணிச் சாப்பிடுங்க. தேன் பாட்டிலை இன்றோடு நிறுத்துங்க" என்றார்.

கணக்கைப் பாருங்கள். 100 கிராம் புது அத்திப்பழத்தில் சுமார் 16 கிராம் சர்க்கரை. அதையே உலர்த்திவிட்டால் தண்ணீர் வற்றி, 100 கிராமில் ஏறக்குறைய பாதி எடை சர்க்கரையாகிவிடுகிறது. அதன் மேல் தேனும் சேர்ந்தால் கேட்க வேண்டுமா? உலர்ந்த அத்தியில் நார்ச்சத்தும் சுண்ணாம்புச் சத்தும் உண்டு என்பது நிஜம். மலச்சிக்கலுக்கு ஒன்றிரண்டை ஊறவைத்துச் சாப்பிடுவதும் சரிதான். ஆனால் அளவு மறந்தால் அதுவும் ஒரு மிட்டாய்தான்!

அன்றிலிருந்து அத்தி எங்கள் வீட்டில் சாப்பாட்டோடு சேர்ந்துவிட்டது. இதில் இரண்டு வகை. ஒன்று நாட்டு அத்தி. அடிமரத்திலும் கிளையிலும் கொத்துக் கொத்தாகக் காய்க்கும். காஞ்சிபுரத்தில் 1979-க்குப் பிறகு 2019-ல் 48 நாள் தரிசனம் தந்த அத்தி வரதர், அத்தி மரத்தால் ஆனவர். மற்றது சீமை அத்தி. புனே பக்கம் புரந்தரில் விளைகிற அத்திக்கு 2016-ல் புவிசார் குறியீடே கிடைத்திருக்கிறது. சென்னையில் இருக்கும் என் மகன் ஊருக்கு வரும்போது கோயம்பேட்டில் ஒரு பெட்டி வாங்கி வருவான். இரண்டு நாளில் கனிந்து நீர் விட்டுவிடும். அதற்குள் தீர்க்கத்தான் இந்தச் சமையல்கள்.

அத்திக்காய்க் கூட்டு: இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தது என் மாமியார். நாட்டு அத்தியில் பச்சையாக, கெட்டியாக இருக்கும் பிஞ்சுகள் கால் கிலோ. கையில் எண்ணெய் தடவிக்கொண்டு, காம்பு நீக்கி நாலாக நறுக்கி, உப்புப் போட்ட மோரில் பத்து நிமிஷம் போடுங்கள். பாலும் துவர்ப்பும் இறங்கும், கறுக்காது. அலசி, மஞ்சள் தூளோடு வேகவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, வெந்த பாசிப்பருப்பு அரை ஆழாக்கு சேருங்கள். தேங்காய், சீரகம், இரண்டு பச்சை மிளகாய் அரைத்து விட்டுக் கொதித்ததும் கடுகு, கறிவேப்பிலை தாளியுங்கள். தித்திப்பில்லாத இந்தக் கூட்டுதான் என் கணவருக்கு வாரம் ஒரு நாள்.

சீமை அத்திப் பச்சடி: கனிந்த பழம் ஆறு. கொட்டைப்பாக்களவு புளியைக் கரைத்து, உப்பு, மஞ்சள் தூளோடு கொதிக்கவிட்டு, நறுக்கிய பழத்தைப் போடுங்கள். ஐந்து நிமிஷத்தில் குழைந்துவிடும். பழமே தித்திப்பதால் வெல்லம் ஒரு ஸ்பூனுக்கு மேல் வேண்டாம். காய்ந்த மிளகாயும் கடுகும் தாளித்தால் மாங்காய்ப் பச்சடிக்குத் தங்கை!

கல்லில் வாட்டின அத்தி: பழத்தை இரண்டாக வெட்டி, தோசைக் கல்லில் துளி நெய் விட்டு, வெட்டின பக்கம் கீழே இருக்கும்படி வையுங்கள். ஓரம் சிவந்ததும் எடுத்து மிளகுத் தூள், உப்புத் தூவி அடைக்குத் தொட்டுக்கொள்ளுங்கள். அலாதி ருசி.

குழிப்பணியாரம்: ரொம்பக் கனிந்த பழம் நாலை மசித்து, ஒரு டம்ளர் கோதுமை மாவு, ஒரு கை அரிசி மாவு, ஏலக்காய், சிட்டிகை உப்பு சேர்த்து, தண்ணீர் விட்டுத் தோசை மாவுப் பதமாகக் கரைத்து, பணியாரக் கல்லில் ஊற்றுங்கள். குழந்தைகள் கேட்டுக் கேட்டுச் சாப்பிடுவார்கள்.

அத்திப் பாயசம்: ஒரு விஷயம் ஞாபகம் வையுங்கள். அத்தியின் பாலில் பாலைத் திரிய வைக்கும் ஒரு பொருள் இருக்கிறது. பச்சையாக மசித்துப் பாலில் கலந்தால் சில சமயம் திரிந்து கசந்துவிடும். பழத்தை முதலில் தண்ணீரில் நன்றாக வேகவைத்து, ஆறவைத்து, பிறகு காய்ச்சி ஆறிய பாலில் சேர்த்தால் திரியாது.

"அத்திப்பழத்தைப் பிட்டால் அத்தனையும் புழு" என்று ஒரு பழமொழி உண்டே, அதற்கும் அர்த்தம் இருக்கிறது. நாட்டு அத்தியின் பூவில் மகரந்தம் சேர்ப்பது ஒரு குட்டிக் குளவி. அது காய்க்குள்ளேயே புகுந்து முட்டை இடும். ஆகவே நாட்டுப் பழத்தைப் பிளந்து, உதறிப் பார்க்காமல் வாயில் போடாதீர்கள். கடையில் விற்கிற சீமை அத்தி பெரும்பாலும் குளவியின் தயவில்லாமலே காய்க்கும் ரகம். மரத்தில் பறிக்கிறவர்கள், பால் தோலில் பட்டால் உடனே சோப்புப் போட்டுக் கழுவுங்கள். பால் பட்ட இடத்தில் வெயில் படும்போது சிலருக்குக் கொப்புளம் வரும்.

இப்போது என் கணவருக்கு மூன்று மாதச் சராசரி 7.3. மாத்திரை, நடை, சாப்பாடு மூன்றுமாகச் சேர்ந்து இறக்கியதுதான் அது. ராத்திரியில் எழாமல் தூங்குகிறார். பெட்டி வருகிற நாளில் அவர் தட்டில் இரண்டு பழம், அதற்கு ஈடாகச் சோற்றில் ஒரு கரண்டி குறைவு. மூன்றாவது கேட்டால் கூட்டுப் பாத்திரத்தை நகர்த்தி வைப்பேன். "இதுவும் அத்திதான், சாப்பிடுங்க!"