தனித்தட்டு

மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பியவர்களைச் சென்று காண்பது பங்குப் பணியாளரின் அன்றாடக் கடமைகளுள் ஒன்று. செபம் முடிந்ததும் பேச்சு பெரும்பாலும் மருத்துவர் எழுதிக் கொடுத்த தாளை நோக்கித் திரும்பும். அதில் ஒரு பகுதி மாத்திரைகளின் பெயர்கள். மறு பகுதி, உப்பைக் குறைக்கவும், எண்ணெயைக் குறைக்கவும், புகையை விடவும், நாள்தோறும் நடக்கவும் கூறும் அறிவுரைகள். முதற்பகுதியை வீட்டார் அனைவரும் சேர்ந்து நிறைவேற்றுகிறார்கள். வேளை தவறாமல் மாத்திரையும் தண்ணீரும் வந்துவிடுகின்றன. மற்றப் பகுதியையோ நோயாளி ஒருவரிடமே ஒப்படைத்துவிடுகிறார்கள். என் பணிக்காலம் முழுவதும் வீட்டுக்கு வீடு நான் கண்டுவரும் உண்மை இது.

முன்பு நான் பணியாற்றிய பங்கொன்றில் ஓய்வு பெற்ற பேருந்து நடத்துநர் ஒருவர் இருந்தார். மாரடைப்பு வந்து, இதயக் குழாயில் ஸ்டென்ட் வைக்கப்பட்டு, சில நாள்களில் நலமுடன் வீடு திரும்பினார். அவருக்கென்று சிறு பானையில் தனிச் சமையல். மற்றவர்களுக்கு வறுத்த மீனும் அப்பளமும். அவருக்கு உப்புக் குறைந்த குழம்பும் அவித்த காயும். பிறர் உண்பதைக் கண்டு ஏங்கக் கூடாதென்று அவரை முன்னதாகவே உண்ணச் செய்து திண்ணைக்கு அனுப்பிவிடுவார்கள். அன்பினால்தான் அவ்வாறு செய்தார்கள். ஒருநாள் அவர் என்னிடம் சொன்னார்: "சாமி, உப்பு இல்லாததுகூடப் பழகிப்போச்சு. தனியா உட்கார்ந்து சாப்பிடுறதுதான் பழகலை."

மூன்றாம் மாதம், தெருமுனைக் கடையில் அவர் பஜ்ஜி வாங்கி உண்பதை மகன் கண்டுவிட்டான். விட்டிருந்த பீடியும் திரும்பியிருந்தது. வீட்டில் பெருஞ்சண்டை. "அப்பாவுக்கு மனக்கட்டுப்பாடு கிடையாது" என்பது மகனின் தீர்ப்பு.

நம்மில் பலரும் இத்தீர்ப்பையே வழங்குவோம். ஆனால் சற்றே எண்ணிப் பாருங்கள். தம்மைச் சுற்றியுள்ள அனைவரும் செய்வதற்கு மாறாக, நாள்தோறும் மூன்று வேளையும் ஒருவர் மட்டும் நடந்துகொள்வது எளிதா? துறவு மடங்களில்கூட நோன்பை எல்லாரும் ஒரே நாளில், ஒரே மேசையில் சேர்ந்தே கடைப்பிடிக்கிறார்கள். துறவிக்கே துணை தேவைப்படும் ஒன்றை, நோயினால் தளர்ந்த ஒருவரிடம் தனியாகச் செய்யுமாறு கேட்கிறோம்; தவறினால் சினம் கொள்கிறோம்.

அந்த வீட்டில் வழி கண்டவர் அவருடைய மனைவி. "ரெண்டு சமையல் வைக்க எனக்குத் தெம்பு இல்லை சாமி. இனிமே எல்லாருக்கும் ஒரே சாப்பாடுதான்" என்று முடிவாகக் கூறிவிட்டார். மகன்கள் ஒரு மாதம் முணுமுணுத்தார்கள். பிறகு நாக்கு பழகிக்கொண்டது. காலைத் திருப்பலி முடிந்து செல்லும் நண்பர் மூவர் அவரையும் அழைத்துக்கொண்டு, மருத்துவர் சொன்ன அளவில், கண்மாய்க் கரையில் நடந்தார்கள். பீடிதான் கடைசிப் போராட்டம். மூத்த மகன் தன் சிகரெட்டைக் கைவிட்ட பிறகே தந்தையும் பீடியைக் கைவிட்டார். மாத்திரைகளை ஒரு நாளும் நிறுத்தவில்லை. வாழ்க்கைமுறை மாற்றம் மருந்துக்குத் துணையேயன்றி மாற்று அன்று. அதன் பின் அவர் பதினோர் ஆண்டுகள் வாழ்ந்தார்.

இடையில் மற்றொன்றும் நிகழ்ந்தது. மூத்த மகனுக்கு இரத்தப் பரிசோதனை செய்தபோது, சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்பது தெரியவந்தது. தந்தைக்காக மாறிய சமையல் இப்போது மகனையும் காக்க வேண்டிய நிலை.

இவ்வாறு எல்லைக்கோட்டில் நின்ற 531 பேரிடம் சென்னை மருத்துவர் அ. இராமச்சந்திரனும் அவர்தம் குழுவினரும் நடத்திய ஆய்வின் முடிவு 2006-இல் வெளிவந்தது. மூன்றாண்டுகளில், வழக்கமான ஆலோசனை மட்டும் பெற்றவர்களுள் 55 விழுக்காட்டினர் நீரிழிவுக்கு உள்ளாயினர். உணவையும் உடலுழைப்பையும் சீராக்கிக்கொண்டவர்களுள் அது 39.3, மெட்ஃபார்மின் மாத்திரை உட்கொண்டவர்களுள் 40.5. உணவும் நடையும் ஒரு மாத்திரைக்கு நிகராக வேலை செய்திருக்கின்றன! எனினும், நெறியோடு வாழ முயன்றவர்களுள்ளும் நூற்றுக்கு 39 பேருக்கு நோய் வரவே செய்தது. ஆகவே, "நீ ஒழுங்காக இருந்திருந்தால் இது வந்திருக்குமா?" என்று நோயுற்றவரை நோக்கி விரல் நீட்ட எவருக்கும் உரிமையில்லை.

வீடு மாறினால் மட்டும் போதுமா? வீட்டுக்கு வெளியே கடையும் தெருவும் விருந்தும் இருக்கின்றனவே! ஊரே சேர்ந்து மாற முடியுமா என்னும் கேள்விக்குப் பின்லாந்து நாட்டின் வடகரேலியா மாநிலம் விடை தந்துள்ளது. 1960-களில் நடுத்தர வயது ஆண்கள் மாரடைப்பால் மாண்டுபோவதில் உலகிலேயே மிகக் கொடிய நிலையில் இருந்த பகுதிகளுள் அது ஒன்று. வெண்ணெயும் உப்பும் புகையும் அங்கே அன்றாட வாழ்வு. 1971-இல் மக்களின் பிரதிநிதிகளே அரசிடம் மனு அளித்தனர். 1972-இல் தொடங்கிய திட்டத்தை முப்பது வயதும் நிரம்பாத பெக்கா புஸ்கா என்னும் மருத்துவர் வழிநடத்தினார். நோயாளிகளை அழைத்து அறிவுரை கூறுவதோடு அவர்கள் நிற்கவில்லை. நற்செய்தியில் வரும் மார்த்தாவின் பெயரைத் தாங்கிய இல்லத்தரசியர் சங்கத்தோடு இணைந்து ஊர்தோறும் புதிய முறையில் சமைத்துக் காட்டினர். உணவு தயாரிப்போரையும் கடைக்காரரையும் உடன் சேர்த்துக்கொண்டனர். முப்பத்தைந்து ஆண்டுகளில், 35 முதல் 64 வயது வரையுள்ள ஆண்களிடையே இதயக் குழாய் நோயால் நேரும் மரணம் 80 விழுக்காட்டுக்கு மேல் குறைந்தது. மருத்துவ முன்னேற்றமும் கைகொடுத்தது உண்மையே. ஆயினும் கொழுப்பும் இரத்த அழுத்தமும் புகையும் குறைந்ததே முதன்மைக் காரணம் என்பர் ஆய்வாளர்.

யாயிரின் மகளை இயேசு உயிர்ப்பித்த நிகழ்ச்சியை மாற்கு எழுதும்போது, இறுதியில் ஒரு சிறு செய்தியைச் சேர்க்கிறார். சிறுமி எழுந்து நடந்ததும், அவளுக்கு உண்ணக் கொடுக்குமாறு இயேசு அங்கிருந்தோரிடம் கூறுகிறார். குருமடத்தில் இப்பகுதியைப் பயின்றபோது, வியப்பு முழுவதும் அவள் எழுந்ததிலேயே இருந்தது. இத்தனை வீடுகளின் அடுக்களை வாயிலில் நின்ற பிறகு, அந்தக் கடைசிச் சொல்லின் கனம் புரிகிறது. எழுப்புவது ஒரு நொடியில் முடிந்தது. அதன்பின் வரும் நாள்களை ஆண்டவர் வீட்டாரின் கையில் ஒப்படைத்தார்.

எங்கள் பங்கின் அன்பியக் கூட்டங்களில் தேநீர் வரும்போது, "சர்க்கரை வேண்டாதவர்கள் யார் யார்?" என்று உரக்கக் கேட்பது வழக்கமாக இருந்தது. சிலர் கூசிக்கொண்டே கையை உயர்த்துவார்கள். சிலர் கூச்சத்தாலேயே இனிப்புத் தேநீரைக் குடித்துவிடுவார்கள். இப்போது எல்லாருக்கும் சர்க்கரையின்றியே தேநீர் வருகிறது. வேண்டுவோர் போட்டுக்கொள்ள நடுவில் ஒரு கிண்ணம் இருக்கிறது. முறுக்குத் தட்டு இருந்த இடத்தில் சுண்டல் இருக்கிறது. இதனால் பெரிய செலவு ஏதுமில்லை. எவரும் தம் நோயைச் சபையில் அறிவிக்க வேண்டியதுமில்லை. உங்கள் அன்பியத்திலும் அடுத்த கூட்டத்திலேயே இதைத் தொடங்கலாமே!