மாவளி

ஐப்பசி பிறந்துவிட்டால் எங்கள் ஊருக்கே ஒரு தனி வாசனை வந்துவிடும். ஈர மண்ணோடு பிடுங்கிப் போட்ட மல்லாட்டைக் கொடி (நிலக்கடலையை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்), தாழ்வாரத்தில் காயவே காயாத துணி, நனைந்த விறகைத் தின்னமாட்டாமல் புகைந்துகொண்டே இருக்கும் அடுப்பு, இதெல்லாம் சேர்ந்த வாசனை. செஞ்சியிலிருந்து திருவண்ணாமலை போகிற சாலையை விட்டு உள்ளே தள்ளியிருக்கிற ஊர் அது. பாடப் புத்தகத்தில் வந்த இலையுதிர்காலத்தில் மரமெல்லாம் சிவந்து நிற்கும். எங்களுக்கு இலை கொட்டுவது மாசி, பங்குனியில். வாசல் பெருக்குகிறவர்களுக்கு அதில் வேலை உண்டே தவிர சந்தோஷம் கிடையாது. எனக்குப் பிடித்த காலம் என்றால் இந்த அடைமழைக் காலம்தான். எங்கள் பக்கத்து மழையில் பெரும்பங்கு இந்த வடகிழக்குப் பருவத்தில்தான் பெய்யவேண்டும், இப்போது விட்டால் ஏரி நிறையாது என்று பெரியவர்கள் வானத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். நாங்கள் பார்த்தது பள்ளிக்கூடம் லீவு விடுமா என்பதை.

ஆடியில் விதைத்த மல்லாட்டையைப் பிடுங்கும் நேரம் பார்த்து மழை பிடித்துக்கொண்டால் காய் மண்ணுக்குள்ளேயே முளைவிட்டுவிடும். வீட்டில் எல்லார் முகமும் தொங்கிப்போகும். முளைவிட்ட பருப்பு இனிக்கும் என்பதால் எனக்கு மட்டும் கொண்டாட்டம். ஆயா ஒரு குண்டான் நிறைய காயைப் போட்டு, ஒரு கை கல்லுப்பை அள்ளி வீசி வேகவைத்துத் திண்ணையில் கொட்டுவாள். தோலை உரிக்கும்போது வெந்நீர் முழங்கை வரை வழியும், அதையும் நக்கிக்கொள்வோம். மழை விட்ட சாயங்காலம் புற்றிலிருந்து ஈசல் கிளம்பும். அதைப் பிடித்து அரிசியோடு வறுத்துத் தின்றது, ஏரி கோடி போகுது என்று யாரோ கத்தியதும் தட்டிலிருந்து எழுந்து ஓடியது என்று சொல்லிக்கொண்டே போகலாம். ஆனால் கார்த்திகைக்கு வந்தாகவேண்டும்.

கார்த்திகை என்றால் மாவளி. ஆண் பனையடியில் உதிர்ந்து கிடக்கும் பனம்பூவை மழைக்கு முன்பே பொறுக்கிவைக்காதவன் கடைசியில் கெஞ்சித் திரிவான். எங்கள் வீட்டுப் பனம்பூ அடுப்புக்கு மேலே பரணில் காயும். கார்த்திகை தீபத்துக்கு முந்தின நாள் சித்தப்பா கொல்லையில் சின்னக் குழி வெட்டி அதைப் போட்டுக் கொளுத்துவார். அது கனிந்து சிவக்கும், ஆனால் சாம்பலாகிவிடக்கூடாது. அந்தப் பக்குவம் பார்த்து மண்ணைத் தள்ளி மூடவேண்டும். "இப்பவா சித்தப்பா?" என்று நான் கேட்டுக்கொண்டே இருப்பேன். "கம்முனு இருடா" என்பார். ஆறின கரியை மை மாதிரி நுணுக்கவேண்டும். அம்மியைத் தொட்டால் ஆயா கையை ஒடித்துவிடுவாள் என்பதால் துணி துவைக்கிற கல்லில்தான் அந்த வேலை. பழைய வேட்டித் துண்டில் கரித்தூளை வைத்துச் சுருட்டி, விரல் விரலாக இடம்விட்டு இறுக்கிக் கட்டி, மூன்றாகப் பிளந்த பனை மட்டைக்கு நடுவே செருகி, மேலும் கீழும் கட்டி, நீளமாக ஒரு கயிறு விட்டால் மாவளி தயார். அதற்குள் எங்கள் முகத்தில் பல் மட்டும்தான் வெள்ளை.

மறுநாள் சாயங்காலம் எல்லாரும் ஏரிக்கரையில் மேற்கே பார்த்து நிற்போம். 2,668 அடி உயரத் திருவண்ணாமலை மலை பகலில் நீலமாகத் தெரியும். அன்றைக்குப் பார்த்து மேகம் வந்து மூடிக்கொள்ளும். ஆறு மணிக்கு அந்த மலை உச்சியில் கொப்பரையில் தீபம் ஏற்றுவார்கள். அது கண்ணில் படும்வரை எங்கள் ஊரில் ஒரு வீட்டிலும் விளக்கு வைக்கமாட்டார்கள். எனக்குத் தெரிவதற்கு முன்னாலேயே "தெரியுது, தெரியுது" என்று ஒவ்வொரு வருஷமும் கத்தித் தலையில் குட்டு வாங்கியிருக்கிறேன். நிஜமாகவே அந்தப் பொட்டு வெளிச்சம் தெரிந்ததும் "அண்ணாமலையாருக்கு அரோகரா" என்று பெரியவர்கள் கன்னத்தில் போட்டுக்கொள்ள, பெண்கள் அகல் ஏற்ற வீட்டுக்கு ஓடுவார்கள்.

நாங்கள் மந்தைக்கு ஓடுவோம். மாவளியின் தலையில் ஒரு நெருப்புக் கங்கை வைத்து முதலில் மெதுவாக ஆட்டி, அது பிடித்துக்கொண்டதும் கையை மேலே தூக்கிச் சுழற்றினால், புஸ்ஸென்ற சத்தத்தோடு தலையைச் சுற்றிப் பொன்னாகப் பொறி கொட்டும். "மாவளியோ மாவளி" என்று தெருமுனைக்குத் தெருமுனை சத்தம் போட்டி போடும். வீட்டுக்கு வந்து பொரி உருண்டையைக் கடிக்கும்போதுதான் விளக்கு வெளிச்சத்தில் சட்டை தெரியும். தீபாவளிக்கு எடுத்த சட்டை, முதுகெல்லாம் பொட்டுப் பொட்டாக ஓட்டை.

"அடுத்த வருஷம் வெறும் உடம்போட சுத்துடா, தோலு தானா வளந்துக்கும்" என்பாள் ஆயா. நியாயமான யோசனைதான். ஆனால் மந்தையில் எல்லார் கண்ணும் மாவளி சுற்றுகிறவன் மேல் இருக்கும்போது, தீபாவளிச் சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு யார் சுற்றுவது?