பெட்டியின் மேல் ஒரு பெயர்

மாங்காய் மண்டிக்கும் கணிப்பொறிக்கும் என்ன உறவு என்று நண்பர்கள் நகைக்கலாம். எனக்கு அந்த உறவு ஓரிரவில் விளங்கிற்று.

குடியாத்தத்திலிருந்து சித்தூருக்குக் குடிபெயர்ந்த குடும்பம் எங்களுடையது. அப்பா மண்டியில் கணக்கெழுதுகிறார். திருப்பதியில் முதுகலை அறிவியல் பயிலும் நான், சென்ற மாங்காய்ப் பருவத்தில் அவருக்காக ஜாவா மொழியில் ஒரு நிரல் எழுதினேன். உழவர் பெயர்களுக்கு ஒரு பட்டியல், எடைகளுக்கு மற்றொன்று. எடைகளை ஒவ்வொன்றாக எடுத்து விலையால் பெருக்க வேண்டும், அவ்வளவே.

பழைய குறிப்பேடு ஒன்றைப் பார்த்தெழுதினேன். அதில் பட்டியலுக்கு வகை குறிக்கும் வழக்கமில்லை. எதைப் போட்டாலும் பட்டியல் ஏற்கும். எடுக்கும்போது ‘இது எண்தான்’ என்று நாமே உறுதி கூறவேண்டும். விடுபட்ட பெயரைச் சேர்க்கும் வரியில், பெயர்ப் பட்டியலுக்குப் பதில் எடைப் பட்டியலைக் குறித்துவிட்டேன். கம்பைலர் பொதுவாக எச்சரித்தது, தடுக்கவில்லை. நானும் பொருட்படுத்தவில்லை.

ஒருநாள் மாலை, உழவர்கள் பணத்திற்குக் காத்திருக்க, நிரல் பாதியில் நின்றது. ‘கிளாஸ் காஸ்ட் எக்செப்ஷன்’ என்றது திரை. அப்பா ஒன்றும் பேசாமல் பென்சிலை எடுத்தார். கணக்கு முடியப் பத்து மணிக்கு மேலாயிற்று. வீடு திரும்பும் வழியில் ஒன்றே சொன்னார்: “பெட்டியிலே என்ன இருக்குதுன்னு கட்டும்போதே பார்க்கணும்டா. சந்தையிலே போய்த் திறந்து பார்த்தா யாருக்கு லாபம்?”

2004-இல் வெளிவந்த ஜாவா ஐந்தாம் பதிப்பின் ‘ஜெனரிக்ஸ்’ செய்வது இதைத்தான். ‘லிஸ்ட்’ என்பதையடுத்துக் கோண அடைப்புக்குறிக்குள் ‘டபுள்’ என்றெழுதினால், அது எண்களுக்கே உரிய பெட்டி. பெயரைப் போட முயன்றால் கம்பைலரே பிழையென்று நிறுத்தும். நிரல் ஓடவே தொடங்காது. அதே பதிப்பில் வந்த புதிய ‘ஃபார்’ சுழலில், உறுதிமொழி ஏதுமின்றி எண்களை வரிசையாக எடுக்கலாம். ஆனால் நிரல் ஓடும்போது பட்டியல் அந்த வகைக்குறியைப் பார்ப்பதில்லை. காவல் முழுதும் தொகுக்கும் வேளையில்தான். ஓரிடத்தில் குறித்து வேறோரிடத்தில் விட்டால், பழைய பிழை மீண்டும் நுழையும்.

இவ்வாண்டு நிரலைத் திருத்திவிட்டேன். பெயர் இனி எடையாகாது. ஆயினும் 420 கிலோவை 240 என்று பதிந்தால் எந்த வகைக்குறியும் தடுக்காது, இரண்டும் எண்களே. அதை அறிந்துதானோ என்னவோ, அப்பா இன்னும் பென்சிலைச் சீவி மேசைமேல் வைத்திருக்கிறார்.