மாராவில் ஆஸனமும் சிங்கமும்

'ஸபாரி' என்னும் ஸ்வாஹிலிச் சொல்லுக்குப் பிரயாணம் என்றுதான் பொருள். அதற்கு வேட்டை என்ற அர்த்தத்தை ஏற்றி வைத்தவர்கள் துப்பாக்கியுடன் வந்திறங்கிய துரைமார்களே. 1909-ம் வருஷத்தில் அமெரிக்காவின் முன்னாள் ஜனாதிபதி ரூஸ்வெல்ட் கிழக்கு ஆப்பிரிக்காவுக்கு வந்து, தம் குமாரருடன் சேர்ந்து ஐந்நூறு மிருகங்களுக்கு மேல் சுட்டுத் தள்ளினார். சுதந்திரம் பெற்ற கென்யா 1977-ல் வேட்டையைத் தடுத்து விட்டது. இப்போது வருகிறவர்களின் கையில் காமிரா இருக்கிறது. சிலருடைய கக்கத்தில் யோகப் பாயும் இருக்கிறது!

கென்யாவின் தென்மேற்கில் உள்ள மஸாய் மாரா புல்வெளிக்கு நாங்கள் சென்றது இத்தகைய கூட்டம் ஒன்றுடன்தான். ஜூலை முதல் அக்டோபர் வரையில் லட்சக்கணக்கான 'வில்டபீஸ்ட்' மான்களும் வரிக்குதிரைகளும் தான்ஸானியாவின் ஸெரெங்கெட்டியிலிருந்து இங்கே வந்து மாரா நதியைக் கடக்கும். முதலைகள் காத்துக் கிடக்கும்.

பிராம்ம முகூர்த்தமே யோகத்துக்கு உகந்த வேளை என்பது நம் பெரியோர் கொள்கை. துரதிர்ஷ்டவசமாகச் சிங்கத்துக்கும் அதுவே உகந்த வேளை! ஆகையால் விடியுமுன் மோட்டாரில் மிருக தரிசனம், சிங்கங்கள் நிழலில் உறங்கும் பத்து மணிக்கு ஆஸனம் என்று ஏற்பாடு செய்திருந்தார்கள். புல்வெளியிலேயே சிற்றுண்டியை ஒரு கை பார்த்து விட்டவர்கள் ஆஸன வேளையில் பட்ட பாட்டைச் சொல்லி முடியாது.

எங்கள் கூடாரங்களுக்கு வேலி கிடையாது. இருட்டிய பின் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போக, ஈட்டி ஏந்திய மஸாய் காவலாளி துணை வருவார். சவாஸனத்தில் கண்களை மூடிக் கிடந்தபோது ஆற்றில் நீர்யானை உறுமிற்று. மனத்தை அடக்குவது எவ்வளவு கடினம் என்பது அப்போது நன்றாய் விளங்கியது.

ஆசிரியை ஓர் ஐரோப்பிய மாது. புஜங்காஸனம், மகராஸனம் என்று அவர் உச்சரித்ததைக் கேட்டு நாங்கள் சிரித்தோம். அவர் அவற்றைச் செய்து காட்டியபோது எங்களில் ஒருவருக்கும் சிரிப்பு வரவில்லை.

ஆனால் பதஞ்சலி கூறிய எட்டு அங்கங்களில் ஆஸனம் மூன்றாவதுதான். முதலாவது யமம், அதில் அஹிம்ஸையும் அடக்கம், பிறர் பொருளை விரும்பாத அஸ்தேயமும் அடக்கம். ஒரு சிவிங்கியை இருபது மோட்டார்கள் வளைத்து நிற்கக் கண்டோம். அது பகலில் வேட்டையாடும் பிராணி. வண்டிகள் நெருக்கினால் இரை தப்பிவிடும், குட்டிகள் பட்டினிதான். தோட்டா இல்லை என்பதனால் இது அஹிம்ஸையாகி விடுமா?

நிலத்தின் கதை இன்னும் கசப்பானது. 1904-லும் 1911-லும் ஆங்கில சர்க்கார் செய்துகொண்ட உடன்படிக்கைகளால் மஸாய் ஜனங்கள் செழிப்பான மேய்ச்சல் நிலங்களை வெள்ளைக்காரக் குடியேறிகளுக்கு விட்டு வெளியேறினார்கள். எல்லைக்கு அப்பால், மிருகங்களைக் காப்பதற்கென்று, 1959-ல் ஸெரெங்கெட்டியிலிருந்தும் அவர்களை அப்புறப்படுத்தினார்கள். அந்நிய ஆட்சியில் மண்ணை இழந்த துயரம் நமக்குத் தெரியாததா?

இதற்குச் சிறிது பரிகாரம் போல மாராவை அடுத்து ஒரு புது முறை ஏற்பட்டிருக்கிறது. நபோய்ஷோ என்னுமிடத்தில் 2010-ல் சுமார் 500 மஸாய்கள் தங்கள் நிலங்களை ஒன்றுசேர்த்து விடுதிக்காரர்களுக்குக் குத்தகைக்கு விட்டார்கள். நிலம் அவர்களுடையதே; குத்தகைப் பணமும் அவர்களுக்கே. மாடுகளும் முறை வைத்து மேய்கின்றன. வண்டிகளுக்கும் கட்டுப்பாடு உண்டு. பிரயாணிகளையே நம்பிய பிழைப்பாதலால், 2020-ல் கொள்ளை நோய் வந்தபோது மாராப் பகுதியில் குத்தகை வருமானம் தடுமாறிற்று என்பதையும் சொல்ல வேண்டும்.

நைரோபி நகரிலோ, 2007-ல் தோன்றிய 'ஆப்பிரிக்கா யோகா பிராஜெக்ட்' ஏழை வாலிபர்களுக்குப் பயிற்சி அளித்து, அவர்களையே யோக ஆசிரியர்களாக்கி வருகிறது. அப்படிப்பட்ட ஒருவரிடம் மாராவில் ஆஸனம் பயில வேண்டுமென்று எங்களுக்கு ஆசை.

இப்பிரயாணத்தை விரும்பும் நேயர்கள், கூடாரம் நிற்கும் நிலம் யாருடையது, குத்தகை யாருக்குப் போகிறது, ஆசிரியர் எந்த ஊர்க்காரர் என்று பணம் கட்டுமுன் கேட்டுக்கொள்ள வேண்டும். கனமான போர்வையும் ஒன்று வேண்டும். பூமத்திய ரேகைக்கு அருகில்தானே என்று எண்ணி ஏமாறாதீர்கள். மாரா மேட்டு நிலம், விடியற்காலையில் பற்கள் தந்தி அடிக்கும்.